டர்பைன் பற்றுகிறது, வேகம் பிடிக்கும் முன் அணைந்துவிடுகிறது: எங்கே பார்ப்பது?

வானம்பாடி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 100 நியூட்டன் உந்துவிசை வகை மாடல் டர்பைன், அதாவது மாடல் விமானத்துக்கான குட்டி ஜெட் எஞ்சின். நேரடியாக மண்ணெண்ணெயிலேயே ஸ்டார்ட் ஆவது, தனியாக கேஸ் கிடையாது. போன சீசன் முழுக்க ஒரு தொல்லையும் கொடுக்கவில்லை. சில மாதங்கள் ஓட்டாமல் வைத்திருந்து இப்போது எடுத்தால் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது.

நடப்பது இதுதான். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, பற்றவைக்கும் பிளக் சூடாகிறது, சில நொடியில் 'புஸ்' என்று பற்றும் சத்தம் கேட்கிறது, வெப்பம் 150, 200 டிகிரி வரை ஏறுகிறது, சுழற்சியும் மெல்லக் கூடுகிறது, அப்புறம் என்ன ஆகிறதோ, வெப்பம் மளமளவென்று இறங்கி ஈ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) ஸ்டார்ட்டைக் கைவிட்டுவிடுகிறது. ஒரு தடவை மட்டும் வேறு மாதிரி: இறங்கிக்கொண்டிருந்த வெப்பம் திடீரென்று எகிறி, பின்னால் ஒரு முழ நீளத்துக்கு மஞ்சள் சுடர் வந்தது. உடனே நிறுத்திவிட்டேன்.

பிளக் புதிது போட்டுப் பார்த்தாயிற்று, மாற்றம் இல்லை. பேட்டரி முழு சார்ஜ். எரிபொருள் புதிதாகக் கலந்தது, 5% டர்பைன் ஆயில். பம்பின் ஸ்டார்ட் வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். கூட்டலாமா? சர்வீசுக்கு அனுப்புவதற்கு முன் நானே பார்க்கக்கூடியது என்னென்ன?

---

தழல்

கூட்டாதீர்கள். அதே செட்டிங்கில்தான் போன சீசன் முழுக்க ஓடியிருக்கிறது. செட்டிங் தானாக மாறாது, மாறியது வேறு ஏதோ ஒன்று. அது என்ன என்று தெரியாமல் பம்பு வோல்டேஜை ஏற்றினால் கோளாறு ஒன்று, அதன் மேல் தப்பான செட்டிங் ஒன்று என்று ஆகிவிடும், அப்புறம் எது எதனால் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

ஸ்டார்ட் என்பது ஒரே வேலை இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து வேலை நடக்கிறது, எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்று பிடித்துவிட்டால் முக்கால்வாசி கண்டுபிடித்த மாதிரி. முதலில் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும், இக்னைட்டர் (நீங்கள் சொன்ன பிளக்) பழுக்கும். அடுத்து பர்னர் வால்வு திறந்து மிகக் கொஞ்சமாக எரிபொருள் போகும், அது பற்றியதை எக்ஸாஸ்டில் இருக்கும் தெர்மோகப்பிள் (வெப்ப சென்சார்) சொல்லும். உள்ளே சூடு பரவ நேரம் கொடுத்துவிட்டு முதன்மை எரிபொருள் வால்வு திறக்கும். பம்பு படிப்படியாக ஏறும், கூடவே ஸ்டார்ட்டரும் தள்ளிக்கொடுக்கும். டர்பைன் தன் பலத்தில் சுழல ஆரம்பித்த பிறகுதான் ஸ்டார்ட்டர் விலகும்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை எக்ஸாஸ்ட் பக்கமே ஓரளவுக்குக் காட்டிவிடும். வெள்ளைப் புகையும் மண்ணெண்ணெய் வாடையும் வருகிறது, வெப்பம் ஏறவில்லை என்றால் எரிபொருள் வருகிறது, பற்றவைக்கச் சூடு போதவில்லை. இக்னைட்டர், அதற்குப் போகும் கரண்ட், ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள். புகையே இல்லை, வெப்பமும் ஏறவில்லை என்றால் எரிபொருளே வரவில்லை. பர்னர் வால்வு, பம்பு, ஃபில்டர். பற்றி, கொஞ்சம் ஏறி, பிறகு சாகிறது என்றால் இக்னைட்டர் தன் வேலையை முடித்துவிட்டது, அதற்குப் பின்னால் வர வேண்டிய எரிபொருளோ காற்றோ வரவில்லை. உங்களுடையது இந்த மூன்றாவது ரகம். புது பிளக் போட்டும் மாறாததற்கு அதுதான் காரணம்.

இன்னொன்று, கட்டாயம் செய்யுங்கள்: தோற்றுப்போன ஸ்டார்ட் ஒவ்வொன்றும் உள்ளே கொஞ்சம் எரியாத எரிபொருளை விட்டுவிட்டுத்தான் போகும். அடுத்தடுத்து ஸ்டார்ட் கொடுத்தால் அது தேங்கும், தேங்கியது பற்றினால் நீங்கள் பார்த்த மஞ்சள் சுடரைவிடப் பெரிதாக வரும். அடுத்த முறைக்கு முன், பிளக்கும் பம்பும் இல்லாமல் ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டு உலர்த்துங்கள். உங்கள் எஞ்சினின் கையேடு எந்தப் பக்கம் சாய்த்து வடிக்கச் சொல்கிறதோ அந்தப் பக்கம் சாய்த்து வடியுங்கள்.

ஈ.சி.யூ. பதிவுசெய்து வைத்திருக்கும் லாக்கை எடுத்துப் போடுங்கள். வெப்பம், சுழற்சி, பம்பு வோல்டேஜ், பேட்டரி வோல்டேஜ் நான்கும் ஒரே நேரக்கோட்டில் வேண்டும்.

---

குமிழ்

தழல் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் லாக் வருவதற்கு முன்பே என் சந்தேகம் குழாயில் காற்று. பல மாதம் வைத்திருந்த எஞ்சின் என்று நீங்கள் எழுதியதும் முதலில் தோன்றியது அதுதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். நாம் போடும் குழாயின் உள்விட்டம் 2.5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு குமிழி நின்றால் அதன் கொள்ளளவு கிட்டத்தட்ட அரை மில்லிலிட்டர். முழு த்ராட்டிலில் நிமிடத்துக்கு 400 மி.லி. ஓடுகிறது என்றால் அந்தக் குமிழி பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் கடந்துவிடும், எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டு ஓடலாம் (ஓடாமல் அணையவும் செய்யலாம், அதனால்தான் பறக்கும்போதும் குமிழி கூடாது). ஆனால் ஸ்டார்ட் நேரத்தில் நிமிடத்துக்கு 20 மி.லி. மட்டும் போகிறது என்றால் அதே குமிழி கடக்க ஒன்றரை நொடி. அந்த நேரத்தில் உள்ளே இருப்பது சின்னஞ்சிறு சுடர். அதற்கு ஒன்றரை நொடி பட்டினி தாங்காது.

பலர் கசிவு என்றால் கீழே எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். பம்புக்கு அப்புறம் உள்ள குழாயில் அழுத்தம் இருக்கிறது, அங்கே விரிசல் இருந்தால் எரிபொருள் வெளியே சொட்டும், சரி. ஆனால் டேங்கிலிருந்து பம்பு வரை உள்ளது உறிஞ்சும் பக்கம். அங்கே விரிசல் இருந்தால் எதுவும் வெளியே வராது, வெளிக்காற்றுதான் உள்ளே போகும். துணியால் துடைத்துப் பார்த்தால் சுத்தமாக உலர்ந்திருக்கும், எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். போதாததற்கு, எஞ்சின் சும்மா நிற்கும்போது அந்த விரிசல் வழியாகக் காற்று புகுந்து குழாயில் நின்ற எரிபொருள் மெல்ல டேங்குக்கே திரும்பிவிடும், அடுத்த ஸ்டார்ட் காலிக் குழாயில்தான் ஆரம்பிக்கும்.

பார்ப்பது எளிது. எஞ்சின் பக்கத்தில் குழாயைக் கழற்றி ஒரு அளவுக் குடுவைக்குள் விடுங்கள். கழற்றாமல் பம்பு சோதனையை ஓட்டவே கூடாது, எல்லாம் எஞ்சினுக்குள் போய்விடும். ஈ.சி.யூ.வின் பம்பு சோதனையில் மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, பம்புக்கு முன்னால் உள்ள தெளிவான குழாயை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். வேகமாக ஓட்டினால் பெரும்பாலும் தெரியாது. ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரிசையாக வருகின்றனவா, அல்லது ஃபில்டர் கூட்டுக்குள் மேல் பக்கம் காற்று சேர்ந்து, சேர்ந்தது ஒரு அளவு வந்ததும் மொத்தமாகக் கிளம்பிப் போகிறதா என்று பாருங்கள். இரண்டாவதுதான் ஆபத்தானது. நெடுநேரம் நன்றாகத் தெரியும், திடீரென்று ஒரு பெரிய குமிழி போகும்.

---

மின்கலம்

பேட்டரி முழு சார்ஜ் என்கிறீர்கள். சும்மா இருக்கும்போது அளந்ததா, ஸ்டார்ட்டர் சுற்றும்போது அளந்ததா? இது முக்கியம். வயதான பேட்டரி சும்மா இருக்கும்போது முழு வோல்டேஜ் காட்டும், ஸ்டார்ட்டர் இழுத்தவுடன் சரியும்.

அப்படிச் சரிந்தால் கோளாறு பேட்டரி போலவே தெரியாது என்பதுதான் சங்கடம். ஸ்டார்ட்டருக்குப் பலம் இல்லை என்றால் கம்ப்ரசர் காற்றைப் போதுமான அளவு தள்ளாது, உள்ளே போகும் எரிபொருள் மட்டும் அப்படியே இருக்கும், காற்று குறைந்து எரிபொருள் மிஞ்சினால் வெப்பம் கண்டபடி ஏறும், ஈ.சி.யூ. அதிவெப்பம் என்று சொல்லி நிறுத்தும். பார்ப்பவர் எரிபொருள் அதிகம் என்று நினைத்துப் பம்பைக் குறைப்பார், அடுத்த தடவை பற்றவே பற்றாது.

கனெக்டரையும் தொட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் கொடுத்து நிறுத்தியதும் கனெக்டர் வெதுவெதுப்பாக இருந்தால் அங்கேயே வோல்டேஜ் போய்க்கொண்டிருக்கிறது. அப்புறம் ஸ்டார்ட்டர் கிளட்ச்: மோட்டார் சத்தம் ஏறுகிறது, லாக்கில் சுழற்சி ஏறவில்லை என்றால் கம்ப்ரசர் நட்டின் மேல் எண்ணெய் படிந்து கிளட்ச் வழுக்குகிறது. ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

---

எதிர்காற்று

யாரும் தெர்மோகப்பிளைச் சொல்லவில்லையே. அதன் முனை வெப்ப ஓட்டத்திலிருந்து கொஞ்சம் வெளியே நகர்ந்திருந்தால் உண்மையில் 400 டிகிரி இருக்கும்போது ஈ.சி.யூ.வுக்கு 200 என்றுதான் தெரியும், சுடர் அணைந்துவிட்டது என்று நினைத்து அதுவே நிறுத்தும். முதலில் அதைப் பார்க்கலாம் என்பது என் கருத்து. எஞ்சின் ஆறிய நிலையில் ஈ.சி.யூ. காட்டும் வெப்பம் அன்றைய காற்றின் வெப்பத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். அடுத்து முனையை மட்டும் ஹாட் ஏர் கன்னால் சூடாக்குங்கள், எண் ஏற வேண்டும். சூடாக்க எண் இறங்கினால் ஒயர் இரண்டும் மாறியிருக்கிறது.

இன்னொன்று, மாடலின் மூக்கு காற்றை எதிர்த்து நிற்கட்டும். வால் பக்கமிருந்து காற்று அடித்தால் எக்ஸாஸ்ட் வழியாகவே உள்ளே தள்ளும், எந்த நல்ல எஞ்சினும் ஸ்டார்ட்டில் சூடு தலைக்கேறி நிற்கும்.

---

தழல்

தெர்மோகப்பிள் சோதனை நல்லதுதான், செய்யட்டும். ஆனால் இதில் அது குற்றவாளியா என்று லாக்கிலேயே தெரிந்துவிடும். வெப்பமும் சுழற்சியும் தனித்தனி சென்சாரில் வருபவை. வெப்பம் மட்டும் இறங்கி, சுழற்சி தொடர்ந்து ஏறிக்கொண்டிருந்தால் தெர்மோகப்பிள் பொய் சொல்கிறது. இரண்டும் சேர்ந்து தொய்ந்தால் சுடர் நிஜமாகவே சாகிறது.

---

வானம்பாடி

எல்லோருக்கும் நன்றி. லாக் எடுத்துவிட்டேன். படமாகப் போட முடியவில்லை, எழுதியே சொல்கிறேன்.

பற்றிய பிறகு வெப்பம் 210 வரை போகிறது. முதன்மை வால்வு திறந்து சில நொடியில் இறங்க ஆரம்பிக்கிறது, ஸ்டார்ட்டர் தள்ளிக்கொண்டிருக்கும்போதே சுழற்சி ஏறுவது நின்று மெல்லத் தொய்கிறது, இரண்டும் சேர்ந்துதான் போகின்றன. பம்பு வோல்டேஜ் மட்டும் அந்த நேரம் முழுக்க ஒரே சீராக ஏறிக்கொண்டே இருக்கிறது. 3 செல் லிப்போ பேட்டரி சும்மா இருக்கும்போது 12.5 வோல்ட், ஸ்டார்ட்டர் இழுக்கும்போது 10.2. தெர்மோகப்பிள் ஆறிய நிலையில் சரியான எண்ணைக் காட்டுகிறது, சூடாக்கினால் ஏறுகிறது.

மஞ்சள் சுடர் வந்த அந்த ஸ்டார்ட்டின் லாக்கும் இருக்கிறது. அதில் பம்பு வோல்டேஜ் வழக்கத்தைவிட நன்றாக மேலே போன பிறகு வெப்பம் ஒரே தாவலில் 700-ஐத் தாண்டியிருக்கிறது.

---

குமிழ்

அப்படியானால் கதை முழுசாகக் கிடைத்துவிட்டது, வரிசையாகச் சொல்கிறேன்.

ஈ.சி.யூ.வின் குறி சுழற்சிதான். அது ஏறவில்லை என்றால் எரிபொருள் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு பம்புக்கு வோல்டேஜைக் கூட்டிக்கொண்டே போகும். பம்பு சுற்றத்தான் செய்கிறது, ஆனால் வருவது பாதி காற்று. சுடர் மெலிகிறது, ஈ.சி.யூ. இன்னும் கூட்டுகிறது. பெரும்பாலான தடவை அதற்குள் சுடர் செத்து, ஸ்டார்ட் ரத்தாகிவிடுகிறது. அந்த ஒரு தடவை சுடர் சாகும் முன்பே குமிழி கடந்துவிட்டது. இப்போது பம்பு உயர்ந்த வோல்டேஜில் இருக்கிறது, பின்னால் வருவது காற்றில்லாத முழு எரிபொருள், எல்லாம் ஒரே மொத்தமாக உள்ளே பாய்ந்தது. மஞ்சள் சுடர் அதுதான். பம்பின் ஸ்டார்ட் வோல்டேஜைக் கூட்டியிருந்தால் இந்தப் பாய்ச்சல் இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

இதே வடிவம் இன்னொரு காரணத்தாலும் வரும், அதையும் விலக்கிவிடுங்கள். காய்ந்த நிலையில் வைத்த பம்பில் ஆயில் பிசின் போல இறுகி கியரைப் பிடித்துக்கொள்ளும். குறைந்த வோல்டேஜில் சுற்றாது, வோல்டேஜ் ஏறியதும் சட்டென்று விடுபட்டுப் பாயும். குடுவைச் சோதனையிலேயே பிரித்துவிடலாம்: குழாயில் குமிழி இருந்தால் காற்று, குமிழி இல்லாமல் ஓட்டம் மட்டும் விட்டுவிட்டு வந்தால் பம்பு.

குமிழி இருந்தால் இடம் பிடிக்க ஒவ்வொரு பகுதியாகத் தாண்டிவிட்டுப் பாருங்கள். ஃபில்டரைக் கழற்றி நேர்க்குழாய் போட்டதும் குமிழி நின்றால் ஃபில்டர்தான். அந்தச் சோதனை குடுவைக்குள் மட்டும், ஃபில்டர் இல்லாமல் எஞ்சினுக்குள் ஒரு சொட்டு போகக் கூடாது, பேரிங்குக்குப் போகும் ஆயிலும் அதே எரிபொருளில்தான் போகிறது, அந்த வழி மிகக் குறுகல், ஒரு துகள் அடைத்தால் எஞ்சின் போய்விடும்.

---

பழையவிசிறி

நல்ல அலசல். ஒரு வார்த்தை சேர்க்கிறேன். 1980-களின் கடைசியில் ஜெர்மனியில் குர்ட் ஷ்ரெக்லிங் ஒட்டுப்பலகையும் கார்பன் இழையும் சேர்த்துக் கம்ப்ரசர் சக்கரம் செய்து மாடல் டர்பைனை ஓட்டிக் காட்டினார். அந்தத் தலைமுறைக் கைவேலை எஞ்சின்களுக்கு ஈ.சி.யூ. கிடையாது. வெளியிலிருந்து காற்று ஊதிச் சுற்றவைத்து, கேஸ் பற்றவைத்து, காதால் கேட்டு, கண்ணால் பார்த்து, கையால் எரிபொருளைக் கூட்டுவார்கள். அந்தக் காலத்து ஆட்கள் எரிபொருளைக் கூட்டியும் சத்தம் ஏறாவிட்டால் உடனே வால்வை மூடிவிடுவார்கள், மேலும் திறக்க மாட்டார்கள். இன்றைக்கு அந்த முடிவை ஈ.சி.யூ. எடுக்கிறது, ஆனால் குழாயில் காற்று இருப்பதைப் பார்க்க அதற்குக் கண் இல்லை. அதனால் ஸ்டார்ட் ஆகும்போது நம் கண் திரையில் மட்டும் இல்லாமல் குழாயிலும் இருக்கட்டும்.

பாதுகாப்பும் சொல்லிவிடுகிறேன், சுடர் வந்த எஞ்சின் என்பதால். பக்கத்தில் வைப்பது கார்பன் டை ஆக்சைடு அணைப்பான்தான். பவுடர் அணைப்பான் நெருப்பை அணைக்கும், கூடவே எஞ்சினையும் அரித்து நாசமாக்கிவிடும். சுடர் வெளியே வந்தால் எரிபொருளை மூடிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுங்கள், பெரும்பாலும் அந்தக் காற்றே ஊதி முடித்துவிடும். முடியவில்லை என்றால் முன்பக்கக் காற்று வாய்க்குள் அணைப்பானைப் பீய்ச்சுங்கள். மாடலின் உடம்புக்குள் நெருப்பு போனது தெரிந்தால் எதற்கும் காத்திருக்க வேண்டாம், உடனே அணைப்பானை எடுங்கள். ஆட்கள் யாரும் எக்ஸாஸ்ட்டுக்குப் பின்னாலோ டர்பைன் சக்கரத்துக்கு நேர்ப்பக்கத்திலோ நிற்கக் கூடாது.

---

வானம்பாடி

கிடைத்துவிட்டது! ஃபில்டர்தான்.

குடுவைச் சோதனையில் முதலில் ஒன்றும் தெரியவில்லை, குழாய் முழுக்க எரிபொருளாகத்தான் இருந்தது. குமிழ் சொன்னபடி வேகத்தை இன்னும் குறைத்து, ஃபில்டர் கூட்டைச் சாய்த்து டார்ச் அடித்துப் பார்த்தபோது மூடி சேரும் விளிம்பில் பொடிப்பொடியாகக் குமிழி முளைத்து மேலே ஒட்டிக்கொண்டது. அவை ஒன்றோடொன்று சேர்ந்து சுண்டுவிரல் நகம் அளவுக்கு வந்ததும் அப்படியே நழுவிப் பம்புக்குள் போனது, குடுவையில் விழுந்துகொண்டிருந்த தாரை அறுந்தது, பிறகு குதித்து வந்தது. ஃபில்டரைத் தாண்டிவிட்டதும் ஒரு குமிழிகூட இல்லை, ஓட்டமும் சீர், ஆக பம்பும் நன்றாக இருக்கிறது.

மூடியைத் திருகி எடுத்தால் உள்ளே இருந்த ஓ-ரிங்கின் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் சதுரமாகத் தட்டையாகியிருந்தது. நகத்தால் அழுத்தினால் அமுங்கவில்லை, வளைத்தால் வெளிப்பக்கத்தில் மயிரிழை வெடிப்புகள். வெளியே ஈரமே இல்லை. புது ஓ-ரிங், எரிபொருளைத் தாங்கும் விட்டான் ரப்பர் வகை, போட்டேன். கூடவே ஃபில்டரின் வலையையும் மாற்றினேன். டேங்குக்குள் இருக்கும் குழாயையும் இழுத்துப் பார்த்தேன், அது நன்றாகவே இருக்கிறது.

எஞ்சின் பக்கத்து முனை வரை எரிபொருள் நிரப்பி, அங்கேயே நிறுத்தி, இணைத்து, உலர்த்தி ஸ்டார்ட் கொடுத்தேன். எந்த செட்டிங்கும் தொடவில்லை. தயக்கமே இல்லாமல் ஐடிலுக்கு (தானாக ஓடும் குறைந்தபட்ச வேகத்துக்கு) வந்தது. லாக்கில் பம்பு வோல்டேஜ் முன்பு போன உயரத்தில் பாதிகூடத் தொடவில்லை.

---

தழல்

அருமை. பறப்பதற்கு முன் இரண்டு விஷயம். வெப்பம் 700-ஐத் தாண்டிய எஞ்சின் அது. முழுக்க ஆறியபின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கம்ப்ரசரை விரலால் மெல்லச் சுற்றி, காதை எக்ஸாஸ்ட் பக்கம் வைத்துக் கேளுங்கள். டர்பைன் சக்கரம் சுற்றுக்கூட்டில் உரசினால் லேசான கீறல் சத்தம் வரும், ஒரே இடத்தில் மட்டும்கூட வரலாம். சத்தம் இருந்தால் ஓட்டாமல் சர்வீசுக்கு அனுப்புங்கள். சத்தம் இல்லை, எங்கும் பிடிக்காமல் சுற்றி நிற்கிறது என்றால் தரையில் இரண்டு மூன்று டேங்க் ஓட்டி, ஐடிலில் வெப்பம் போன சீசன் லாக்கில் இருந்ததோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

அந்தப் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். இந்தக் கோளாறுக்கு அது காரணம் இல்லை, ஆனால் 12.5-லிருந்து 10.2-க்கு இறங்குவது நல்ல பேட்டரியின் வேலை இல்லை. குளிர்ந்த காலையில் இன்னும் கீழே போகும்.

---

வானம்பாடி

சுற்றிப் பார்த்தேன், உரசல் இல்லை, வழுவழுப்பாகச் சுற்றுகிறது. ஐடில் வெப்பம் பழைய லாக்கைவிட 10 டிகிரிதான் கூட. புது பேட்டரி சொல்லியிருக்கிறேன், வந்ததும் தரையில் ஓட்டி லாக் போடுகிறேன். நீண்ட நாள் வைக்கும்போது பம்பையும் ஃபில்டரையும் ஆயில் கலந்த எரிபொருள் நிறைந்தபடியே மூடி வைப்பதா, வடித்துவிடுவதா?

---

குமிழ்

நிறைந்தபடியே, இரண்டு முனையும் அடைத்து. டேங்கை மட்டும் வடித்துவிடுங்கள். ஃபில்டர் ஓ-ரிங்கை ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் மாற்றிவிடுங்கள், நன்றாக இருந்தாலும் சரி.